வாடகைதாரர்களோடு விற்பனைக்கு வரும் கடை–வீடு கட்டடம்: வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

கீழே இரண்டு கடை, முதல் மாடியில் கிளினிக்கோ டியூஷன் சென்டரோ, அதற்கு மேல் ஒரு வீடு. தமிழ்நாட்டு நகரங்களின் பஜார் தெருக்களில் இப்படிப்பட்ட கட்டடங்கள் கடை நடந்துகொண்டிருக்கும்போதே கைமாறுகின்றன. விளம்பரத்தில் "மாத வாடகை வருமானத்துடன்" என்று போட்டிருப்பார்கள். காலி மனையோ காலி வீடோ வாங்கிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாகப் பார்க்க வேண்டியவை பல.

விற்பவர் மாத வாடகைப் பட்டியல் ஒன்று தருகிறார். அதை நம்பலாமா?

அந்தப் பட்டியலை வைத்துத்தான் விலையே பேசப்படுகிறது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேளுங்கள். விற்பவரின் வங்கிக் கணக்கு விவரம் குறைந்தது 12 மாதம், முடிந்தால் 24 மாதம் வேண்டும். பட்டியலில் உள்ள தொகை மாதாமாதம் அதே பெயரிலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தொகை அப்படியே பொருந்தாவிட்டால் உடனே சந்தேகப்பட வேண்டாம். உதாரணமாக ஒரு நிறுவனம் 60,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறது, விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கிறார் என்றால், 18% வரி 10,800 சேர்ந்து 70,800 ஆகும். அதில் வாடகை மீதான டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) 10%, அதாவது 6,000 பிடித்துக்கொண்டு வங்கியில் 64,800 போடுவார்கள். பட்டியலில் 70,800 என்று எழுதியிருந்தால்தான் தவறு, ஏனென்றால் வரி உங்கள் வருமானம் இல்லை. பிடித்த டி.டி.எஸ். விற்பவரின் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ரொக்கமாக வாங்குகிறேன் என்று விற்பவர் சொல்லும் கடைகளுக்கு ரசீதுப் புத்தகமோ, வருமான வரிக் கணக்கில் காட்டிய வாடகையோ வேண்டும். இரண்டுமே இல்லாவிட்டால் அந்த வாடகையை விலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஜோடிக்கப்பட்ட வாடகைதாரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

விற்பனைக்கு ஐந்தாறு மாதம் முன்பு சொந்தக்காரர் ஒருவரைக் கடையில் உட்காரவைத்து, பக்கத்துக் கடையைவிட ஒன்றரை மடங்கு வாடகைக்கு ஒப்பந்தம் எழுதுவது பழைய வித்தை. கிரயம் முடிந்து இரண்டு மாதத்தில் அவர் "வியாபாரம் சரியில்லை" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்.

மின் கட்டண வரலாறு இதை எளிதில் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கடையின் மின் இணைப்பு எண்ணையும் வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த யூனிட்டுகளைப் பாருங்கள். ஏ.சி. ஓடும் மொபைல் கடை ஒன்று மாதக்கணக்கில் பத்து யூனிட்டைத் தாண்டவில்லை என்றால் ஷட்டர் மூடியே இருந்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை என்று போய், ஒவ்வொரு வாடகைதாரரிடமும் விற்பவர் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். எத்தனை வருடமாக இருக்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார், கடைசியாக வாடகை எப்போது ஏறியது, கடையில் என்ன பழுது என்று கேட்டால் போதும். கடைசிக் கேள்விக்கு அநேகமாக நீண்ட பதில் வரும்.

கடையை எடுத்தவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவர் என்பதும் சாதாரணம். உள்வாடகைக்கு விட்டிருந்தால், வாடகை தருபவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும் வேறு வேறு ஆள்கள். இதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் சரிசெய்யச் சொல்லுங்கள்.

விலைக்கு இந்த வாடகை நியாயமா என்று எப்படிக் கணக்கிடுவது?

புரோக்கர் சொல்லும் விழுக்காடு ஆண்டு வாடகையைச் சொன்ன விலையால் வகுத்தது. உங்களுக்கு வேண்டியது கையில் நிற்கும் தொகையை, நீங்கள் மொத்தமாகப் போட்ட பணத்தால் வகுத்த கணக்கு. எண்களை வைத்துப் பார்ப்போம்.

விலை 3 கோடி. மருந்துக் கடை 45,000, செல்போன் கடை 30,000, முதல் மாடி பல் கிளினிக் 32,000, மேல் வீடு 14,000. மொத்தம் மாதம் 1,21,000, ஆண்டுக்கு 14,52,000. புரோக்கர் கணக்கில் இது 4.84%.

இப்போது செலவு. முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் 9%, அதாவது 27 லட்சம். புரோக்கர் கமிஷன் 1% என்று வைத்தால் 3 லட்சம். வழக்கறிஞர், பொறியாளர், இதர செலவு 1 லட்சம். உங்கள் முதலீடு 3.31 கோடி. ஆண்டுச் செலவில் சொத்து வரி 80,000, காப்பீடு 15,000, பொது மின்சாரம், மோட்டார், துப்புரவு, சில்லறைப் பழுது 1,20,000 என்று வையுங்கள். வருடத்தில் ஒரு மாத வாடகை காலியாகப் போகும் என்று 1,21,000 கழியுங்கள். மிச்சம் 11,16,000. அதை 3.31 கோடியால் வகுத்தால் சுமார் 3.4%.

வங்கி நிரந்தர வைப்பில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே இந்தக் கட்டடத்தை வாடகைக்காக மட்டும் வாங்குகிறோம் என்று சொன்னால் கணக்கு இடிக்கும். மனையின் மதிப்பு ஏறும் என்ற நம்பிக்கையும் விலைக்குள் இருக்கிறது. அப்படியானால் மனை எத்தனை சென்ட், சாலை முகப்பு எத்தனை அடி, அந்தத் தெருவில் காலி மனை என்ன விலைக்குப் போகிறது என்பதும் வாடகைப் பட்டியல் அளவுக்கு முக்கியம். நகர மையத்தில் வாடகை விழுக்காடு குறைவாக இருக்கும், புறநகரில் கூடுதலாக இருக்கும். புறநகரில் கடை காலியானால் அடுத்த ஆள் வர ஆறு மாதம் பிடிக்கலாம் என்பதால்தான் அந்தக் கூடுதல்.

வாடகைதாரர்கள் கொடுத்த அட்வான்ஸ் பணம் யார் தர வேண்டும்?

பேரத்தில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 109-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் வீட்டு உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். உரிமைகளோடு பொறுப்புகளும் வரும். நாளைக்குக் கடைக்காரர் காலி செய்யும்போது அட்வான்ஸை உங்களிடம்தான் கேட்பார். பழைய ஓனரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லித் தப்ப முடியாது.

கடைகளுக்குப் பத்து மாத வாடகை அட்வான்ஸ் வாங்குவது வழக்கம். மேலே சொன்ன கட்டடத்தில் அது 10 முதல் 12 லட்சம் வரை போகும். கிரயத் தொகை 3 கோடியாகவே பத்திரத்தில் இருக்கட்டும். கடைசித் தவணையில் அட்வான்ஸ் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். எந்த வாடகைதாரரின் அட்வான்ஸ் எவ்வளவு, அதைத் திருப்பித் தரும் பொறுப்பு இனி வாங்குபவருடையது என்று பத்திரத்திலேயே ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். விற்பவர் சொல்லும் தொகையும் கடைக்காரர் சொல்லும் தொகையும் வேறாக இருந்தால், மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்க்காமல் அக்ரிமென்ட் போடாதீர்கள்.

இன்னொன்று, முன்பிருந்த கடைக்காரருக்குக் "குட்வில்" கொடுத்து வந்தேன், அதையும் தர வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். உரிமையாளர் கையொப்பமிட்ட எழுத்து இருந்தால் ஒழிய அது இரண்டு வாடகைதாரர்களுக்குள் நடந்த கணக்கு.

ஒப்பந்தமே இல்லாத பழைய கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். சிக்கலா?

சிக்கல்தான், ஆனால் தீராத சிக்கல் இல்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. நகர்ப்புற வாடகைக்கு எழுத்து மூல ஒப்பந்தமும், வாடகை அதிகார அமைப்பில் அதன் பதிவும் இந்தச் சட்டத்தின் அடிப்படை. ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி இடத்தைக் கேட்க இதில் வழி உண்டு. ஆனாலும் மனு, மேல்முறையீடு என்று நாள் ஓடும். அந்தக் காலத்துக்கு அவர் தரும் வாடகை பழைய வாடகைதான்.

நடைமுறையில் நல்ல வழி, விற்பவரையே புதிய ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்து தரச் சொல்வது. நாற்பது வருடமாக இருக்கும் கடைக்காரர் முகம் தெரிந்த ஓனரோடு கையெழுத்துப் போடுவார், புதிய ஆளைக் கண்டால் வக்கீலைத் தேடுவார். அந்த ஒரு கடை மட்டும் மறுத்தால், அதன் வாடகையைச் சந்தை வாடகையாக நினைக்காமல் இப்போது வரும் தொகையாகவே விலைக் கணக்கில் போடுங்கள்.

11 மாத ஒப்பந்தங்கள் வரிசையாக இருந்தால், கடைசியாக முடிந்தது எப்போது என்று பாருங்கள். மூன்று வருடம் முன்பு முடிந்த காகிதத்தைக் காட்டி "ஒப்பந்தம் இருக்கிறது" என்பவர்கள் நிறைய. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஐந்து வருடம் என்று வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்திருந்தால் அந்த ஐந்து வருடத்தை நம்பிக் கணக்குப் போட முடியாது.

வாங்கியதும் வாடகையை ஏற்றிவிடலாம் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. நடப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 5% என்று இருந்தால் 5%. மூன்று வருடத்துக்கு 15% என்று இருந்தால், அந்த மூன்று வருடம் முடியும்வரை பழைய தொகைதான். கிரயம் நடந்தது என்பதற்காக வாடகைதாரரின் காலமோ தொகையோ மாறாது.

ஒரு கடையை நானே வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்ள முடியுமா?

அதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அந்தக் கடையைக் காலி செய்து ஒப்படைப்பதை விற்பவரின் நிபந்தனையாக்குங்கள். கடைசித் தவணையில் ஒரு பங்கைக் காலியான சாவி கைக்கு வரும்வரை நிறுத்திவையுங்கள். பதிவுக்குப் பிறகு நீங்களே காலி செய்யவைப்பது செலவு அதிகமான வழி.

மூலப் பத்திரம், வில்லங்கம் தவிர வேறென்ன ஆவணம் பார்க்க வேண்டும்?

மூலப் பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வாரிசுச் சான்று என்று வழக்கமானவற்றை உங்கள் வழக்கறிஞர் பார்ப்பார். அசல் பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் ஏதோ ஒரு வங்கியிலோ அண்ணன் தம்பி வீட்டிலோ இருக்கிறது. பஜார் சொத்துகள் பெரும்பாலும் பூர்வீகச் சொத்துகள் என்பதால் பாகப்பிரிவினை வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று இணைய நீதிமன்றப் பதிவில் குடும்பப் பெயர்களைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். கோயிலையோ வக்ஃபையோ ஒட்டிய தெரு என்றால், கட்டடம் மட்டும் விற்பவருடையது, அடிமனை அறநிலையத்துடையது என்று இருக்கலாம். அப்போது நீங்கள் வாங்குவது அடிமனை வாடகை கட்டும் உரிமையைத்தான்.

வாடகைக் கட்டடத்துக்குக் கூடுதலாக வேண்டியவை: எல்லா வாடகை ஒப்பந்தங்கள், பதிவு எண்கள், சொத்து வரி ரசீது, ஒவ்வொரு மின் இணைப்பின் பெயரும் வகையும், லிஃப்ட் இருந்தால் அதன் உரிமம், மாடியில் செல்போன் கோபுரமோ விளம்பரப் பலகையோ இருந்தால் அதன் குத்தகைப் பத்திரம். கோபுரக் குத்தகைகள் பத்து, பதினைந்து வருடத்துக்குப் போகும். இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் அதைத் தடுக்கப் போவது இந்தப் பத்திரம்தான்.

அனுமதி வீட்டுக்கு, கீழே ஓடுவது கடை. வாங்கலாமா?

இதைச் சின்ன விஷயமாகச் சொல்வார்கள். அனுமதி வரைபடத்தை வாங்கி, ஒவ்வொரு தளத்தையும் அதோடு ஒப்பிடுங்கள். கீழ்த்தளத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டிவிட்டு மூன்று கடையாகத் தடுத்தது, பின்பக்கம் விட வேண்டிய இடத்தில் குடோன் கட்டியது, அனுமதி இரண்டு மாடிக்கு இருக்க மூன்றாவது எழுப்பியது ஆகிய மூன்றும் அடிக்கடி வருபவை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் விதிமீறிய பகுதிக்கு நோட்டீஸ் வரலாம், பூட்டி முத்திரையும் வைக்கலாம். விதிமீறிய கட்டடத்தைச் சட்டப்படி ஏற்றுக்கொள்ளும், அதே சட்டத்தின் 113-சி வரன்முறைத் திட்டம் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கானது. அதன்படி வரன்முறை செய்தோம் என்றால் உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள், விண்ணப்ப ரசீது போதாது. விதிமீறிய தளத்தின் வாடகை எந்த நாளும் நிற்கலாம் என்பதால் அதை வருமானத்தில் சேர்க்காமல் விலை பேசுவதே ஒழுங்கு.

முகப்பையும் அளந்து பாருங்கள். படி, சரிவுப் பாதை, ஷட்டருக்கு வெளியே நீட்டிய தகரக் கூரை இவை பாதி நேரம் வடிகால் மேலோ புறம்போக்கிலோ நிற்கும். மாநகராட்சி இடித்தால் கடைக்குள் ஏறவே வழியிருக்காது, கடைக்காரர் வாடகையைக் குறைக்கச் சொல்வார்.

மின் இணைப்பில் என்ன பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு பகுதிக்கும் தனி மீட்டர் உண்டா, அது எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்பதை. வீட்டுக்கு 1-ஏ, கடைக்கு 5. வீட்டு இணைப்பிலிருந்து கடைக்குக் கம்பி இழுத்திருந்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அது அனுமதியற்ற பயன்பாடு. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு, இரட்டிப்புக் கட்டணத்தில் மதிப்பிடுவார்கள். பில் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வரும். பதிவுக்கு முன் இதைச் சரிசெய்வது விற்பவர் வேலை.

கட்டடத்தை யார் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் அரை நாள் பார்த்துத் தரும் அறிக்கைக்கு ஆகும் செலவு, பேரத்தில் அதைவிடப் பல மடங்காகத் திரும்பி வரும். பழைய பஜார் கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கலாம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை அது. உத்தரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில்தான் கரையானும் ஈரமும் பிடிக்கும். பொய்க்கூரை போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றி அந்த முனையைப் பாருங்கள். கான்கிரீட் கூரையில் துருக் கறையும், உதிர்ந்த காரையும், தெரியும் கம்பியும் வந்துவிட்டால் செலவு லட்சங்களில்.

வாடகைதாரர்கள் செய்த மாற்றங்கள் இன்னொரு பக்கம். ஷட்டரை அகலப்படுத்தச் சுவரை உடைத்திருப்பார்கள். இரண்டு கடையை ஒன்றாக்க நடுச் சுவரை எடுத்திருப்பார்கள், அது எடை தாங்கும் சுவராக இருந்தால் மேல்தளத்தில் விரிசல் தொடங்கும். டிபன் கடை இருந்தால் கழிவுநீர்க் குழாயில் எண்ணெய் உறைந்து அடைக்கும். முதல் மாடி கிளினிக்கின் கழிப்பறையும் அதே குழாயில் சேர்ந்தால், ஒரு வாடகைதாரரால் இன்னொருவர் வெளியேறுவார். கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறியை வைத்தது யார், சுத்தம் செய்வது யார் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் விஷயத்தில் கேட்க வேண்டியது, தொட்டி ஒன்றுதானா, மோட்டார் மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்பது.

வங்கிக் கிளை வாடகைக்கு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

வாடகை தவறாது, ஒப்பந்தம் பதிவாகியிருக்கும், கணக்கு சுத்தமாக இருக்கும். அதனாலேயே விலையில் ஏற்கெனவே கூட்டிவிட்டிருப்பார்கள். ஒப்பந்தம் முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்று பாருங்கள். கிளைகளை இணைத்துவிட்டால் வங்கி நோட்டீஸ் கொடுத்து வெளியேறும். பெட்டக அறைக்கென்று கட்டிய கனத்த சுவர்களோடு, ஒரே ஆள் எடுக்கும் அளவு பெரிய தளம் உங்களிடம் நிற்கும். அதற்கு அடுத்த ஆள் கிடைப்பது கடினம். நான்கு சின்ன வாடகைதாரர்கள் தரும் தலைவலியில் ஒரு பாதுகாப்பும் உண்டு, எல்லாரும் ஒரே மாதத்தில் போக மாட்டார்கள்.

வரி எப்படி?

கட்டி முடித்த, பயன்பாட்டில் இருக்கும் கட்டடத்தின் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வாடகைக்கு உண்டு: கடை, அலுவலக வாடகைக்கு 18%. உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு எடுக்க வேண்டும். நீங்கள் பதிவு இல்லாதவர், கடைக்காரர் பதிவு உள்ளவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் வரியை அவரே நேரடியாக அரசுக்குக் கட்டும் முறை இருக்கிறது (சிறு வணிகர்களுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு). மேல் வீட்டில் குடும்பம் குடியிருந்தால் அந்த வாடகைக்கு வரி இல்லை.

வருமான வரியில், கட்டிய சொத்து வரியைக் கழித்தபின் வரும் தொகையில் 30% செலவுக்கென்று கழித்துக்கொள்ளலாம், உண்மையில் எவ்வளவு செலவானாலும் அதே 30%.

வாங்கும்போது விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், மொத்தத் தொகையில் 1% டி.டி.எஸ். பிடித்து நீங்களே கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் இந்த 1% பொருந்தாது, விகிதம் பல மடங்கு அதிகம். ஆடிட்டரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைவிடக் குறைத்துப் பத்திரம் எழுதும் யோசனை வந்தால், வித்தியாசம் 10%-ஐத் தாண்டும்போது அந்தத் தொகைக்கு விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே வருமான வரி விழும். விற்பவர் முன்பணத்தை ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால், அதே அளவு தொகை அவருக்கு அபராதமாகலாம்.

கடன் கிடைக்குமா?

வீட்டுக் கடன் வட்டியில் கிடைக்காது. பாதி வீடாக இருந்தாலும் வங்கி இதை வணிகச் சொத்தாகவே பார்க்கும். வாடகையையே ஆதாரமாகக் கொண்ட கடனும் உண்டு, ஆனால் அதற்குப் பதிவான நீண்ட ஒப்பந்தமும், வங்கி மூலம் வரும் வாடகையும் வேண்டும். ரொக்க வாடகைக் கடைகளை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

பதிவு முடிந்த அன்று என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே, விற்பவர் கையெழுத்தோடு ஒவ்வொரு வாடகைதாரருக்கும் கடிதம். சொத்து இன்னாருக்கு விற்கப்பட்டது, இந்தத் தேதியிலிருந்து வாடகையை இந்தக் கணக்கில் செலுத்துங்கள், அட்வான்ஸ் இவ்வளவு மாற்றப்பட்டது என்று. நகலில் வாடகைதாரரின் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அறிவிப்பு கிடைக்கும் முன் வாடகைதாரர் பழைய உரிமையாளருக்குக் கட்டிய வாடகையை நீங்கள் மறுபடி கேட்க முடியாது.

பழைய பாக்கி வாடகை தனியாக எழுதாவிட்டால் விற்பவருடையது. நடப்பு மாதத்தை நாள் கணக்கில் பிரிப்பதா, முழுதும் ஒருவருக்கா என்பதை அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள். இருபதாம் தேதி பதிவு வைத்துக்கொண்டு பத்து நாள் வாடகைக்குச் சண்டை போட்டவர்கள் உண்டு.

அடுத்து பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு பெயர் மாற்றங்கள். பிறகு வாடகை ஒப்பந்தங்களை உங்கள் பெயரில் புதுப்பித்து வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5% ஊக்கத்தொகை கிடைக்கும், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரைதான் என்றாலும் விட வேண்டியதில்லை. காப்பீட்டுப் பத்திரத்தில் தளவாரியாக என்ன தொழில் நடக்கிறது என்பதை உள்ளபடி எழுதுங்கள். கீழே டிபன் கடை ஓடுவதை மறைத்து "அலுவலகம்" என்று போட்டால், தீ பிடித்த அன்று இழப்பீட்டு மனுவை நிராகரிக்க அதுவே காரணமாகும்.